ஞானப்பல்லுக்கு நாள் குறிப்பது எப்போது?

கன்னத்தை உள்ளங்கையில் தாங்கியபடி மருந்துக்கடை முன்னால் வந்து நிற்பவரிடம் கடைக்காரர் அதிகம் கேட்பதில்லை. "கடவாய்ப் பல்லா?" என்பதோடு விசாரணை முடிந்துவிடும். ஒரு ஆன்டிபயாடிக், ஒரு வலி மாத்திரை, ஒரு வீக்க மாத்திரை, வயிறு புண்ணாகாமல் இருக்க இன்னொன்று. நாலாம் நாள் வாய் திறக்கும், சோறு இறங்கும், பல்லை மறந்துவிடலாம். ராஜபாளையம் மில்லில் ஷிப்ட் பார்க்கும் இருபது வயதுப் பெண்ணுக்கும், கிருஷ்ணன்கோவிலில் பொறியியல் படிக்கும் மாணவருக்கும், ஸ்ரீவில்லிபுத்தூரில் கடை வைத்திருக்கும் இளைஞருக்கும் ஞானப்பல் பெரும்பாலும் இப்படித்தான் அறிமுகமாகிறது. சில மாதம் கழித்து அதே பக்கம் மறுபடி வீங்கும். மறுபடி அதே மாத்திரை. பல்லை எடுத்துவிடலாமே என்றால் பயம். ஈறைக் கீறுவார்களாம், எலும்பை அறுப்பார்களாம், முகம் ஒரு வாரம் பூசணிக்காய் மாதிரி இருக்குமாம். உண்மையில் ஞானப்பல் எடுப்பதில் எதிர்பாராதது என்று பெரிதாக ஒன்றும் இல்லை. எது எந்த நாளில் வரும், எப்போது போகும் என்று ஏறக்குறைய நாள்கணக்கில் சொல்லிவிடலாம். அந்தக் கணக்கு தப்புவது பெரும்பாலும் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, கடைசியில் வீங்கிய வாயோடு அவசரமாக ஓடும்போதுதான்.

ஞானப்பல் எனும் கடைசிக் கடைவாய்ப் பல் பொதுவாக 17 வயதிலிருந்து 25 வயதுக்குள் முளைக்கும். எல்லோருக்கும் நாலும் வருவதில்லை. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், 5 பேரில் ஒருவருக்கு மேல் ஒரு ஞானப்பல்லாவது பிறவியிலேயே இல்லை. ஏறக்குறைய 4 பேரில் ஒருவருக்கு ஒன்றாவது எலும்பிலோ ஈறிலோ சிக்கிக்கொள்கிறது. தாடை சிறுத்ததுதான் காரணம் என்பது மானுடவியலாளர்கள் பலரின் கருத்து. வேட்டையாடிய சமூகங்களின் தாடை எலும்பையும் விவசாயச் சமூகங்களின் தாடை எலும்பையும் ஒப்பிட்டு 2011இல் வெளியான ஆய்வு ஒன்று, மென்மையான உணவுக்கு மாறியவர்களின் தாடை நீளம் குறைந்திருப்பதைக் காட்டியது. பற்களின் அளவோ அந்த அளவுக்குக் குறையவில்லை. கடைசியாக வருபவருக்கு இடமில்லை. சாய்ந்தோ, படுத்தபடியோ, பாதி மட்டும் தலை நீட்டியோ நிற்கும் கீழ்த்தாடை ஞானப்பல்தான் தொல்லையின் ஊற்று. பாதி முளைத்த பல்லின் மேல் ஈறு ஒரு மூடிபோலக் கிடக்கும். அந்த மூடிக்கும் பல்லுக்கும் நடுவே சோற்றுப் பருக்கையும் கிருமியும் தங்கும். பல் துலக்கும் பிரஷ் அங்கே எட்டாது. ஈறு வீங்கும், வீங்கிய ஈறு மேல்பல்லில் கடிபடும், மேலும் வீங்கும். வாய் திறக்காது, விழுங்கினால் காதுவரை இழுக்கும். மாத்திரை கிருமியைக் கொஞ்சம் அடக்குகிறது, அவ்வளவுதான். மூடி அப்படியே இருக்கிறது, இடுக்கும் அப்படியே இருக்கிறது. அதனால்தான் அது திரும்பி வருகிறது.

அப்படியானால் ஞானப்பல் என்றாலே எடுத்துவிட வேண்டுமா? இல்லை. இங்கே சந்தேகப் பிராணிகள் பக்கம் பலமான சாட்சி இருக்கிறது. அமெரிக்காவில் கல்லூரிக்குப் போகும் முன் நாலு ஞானப்பல்லையும் மொத்தமாக எடுத்துவிடுவது ஒரு சடங்குபோல ஆனது. அதை எதிர்த்து ஜே ஃபிரீட்மன் என்ற பல் மருத்துவர் 2007இல் அந்நாட்டுப் பொதுச் சுகாதார இதழில் எழுதிய கட்டுரை, தொல்லை தராத பல்லை முன்கூட்டியே பிடுங்குவதே ஒரு பொதுச் சுகாதாரத் தீங்கு என்று வாதிட்டது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு அதற்கு முன்பே, 2000இல், நோயில்லாத ஞானப்பல்லை அரசுச் செலவில் எடுக்கக் கூடாது என்று வழிகாட்டியது. முன்பல் கோணுவதற்கு ஞானப்பல் தள்ளுவதுதான் காரணம் என்று சொல்லி எடுக்கச் சொல்பவர்கள் இன்றும் உண்டு. ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. நேராக முளைத்து, எதிர்ப்பல்லோடு கடித்து, பிரஷ்ஷுக்கு எட்டுகிற ஞானப்பல்லை யாராவது எடுக்கச் சொன்னால், "ஏன் டாக்டர்?" என்று கேட்க நோயாளிக்கு முழு உரிமை உண்டு.

ஆனால் நைஸின் அந்த வழிகாட்டுதலிலேயே இன்னொரு வரியும் இருக்கிறது. முதல் முறை ஈறு வீங்கியது மட்டும், அது மிகக் கடுமையாக இல்லாதவரை, பல்லை எடுக்கக் காரணமாகாது. இரண்டாம் முறை வீங்கினால் காரணமாகும். விதி எவ்வளவு எளிமை பாருங்கள். பிரிட்டனின் பிந்தைய அனுபவமும் ஒன்றைச் சொல்கிறது. 2000க்குப் பின் அங்கே எடுப்பது குறைந்தது, ஆனால் பிறகு எடுக்க வந்தவர்களின் சராசரி வயது 25இலிருந்து 30ஐத் தாண்டியது. ஞானப்பல் சாய்ந்து முட்டிய இடத்தில் அதற்கு முந்தைய நல்ல பல் சொத்தையாகி வந்தவர்கள் கூடினார்கள். காத்திருப்பதிலும் செலவு இருக்கிறது, அது பக்கத்துப் பல்லின் கணக்கில் விழுகிறது. இருபதுகளின் தொடக்கத்தில் வேர் முழுதாக முற்றியிருக்காது, எலும்பு சற்று இளக்கமாக இருக்கும். வயது ஏற ஏற வேர் நீண்டு கீழ்த்தாடை நரம்பை நெருங்கும், எலும்பு இறுகும், ஆறுவதும் தாமதமாகும். ஆகவே ஒரு முறை வீங்கினால் சுத்தம் செய்து, படம் எடுத்துப் பார்த்துக் கவனிக்கலாம். இரண்டாம் முறை வீங்கினாலோ, பக்கத்துப் பல் சொத்தையானாலோ, எக்ஸ்ரேயில் பல்லைச் சுற்றி நீர்க்கட்டி தெரிந்தாலோ நாள் குறித்துவிட வேண்டும். அந்த நாள் வீக்கம் முற்றிலும் வடிந்த ஒரு நாளாக இருக்க வேண்டும். மாத்திரை வேலை செய்து "இப்போதான் சரியாயிடுச்சே" என்று நிம்மதியாக இருக்கும் அந்த நாள்தான் எடுப்பதற்குச் சரியான நாள். நம் வழக்கமோ நேர் எதிர்.

முதல் வேலை படம். ஓ.பி.ஜி. என்பது இரண்டு தாடைகளையும் ஒரே படத்தில் விரித்துக் காட்டும் எக்ஸ்ரே. அதில் டாக்டர் தேடுவது இரண்டு விஷயம்: பல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, அதன் வேர் கீழ்த்தாடை நரம்பு ஓடும் குழாய்க்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது. குழாயின் ஓரமாக ஓடும் வெள்ளைக் கோடு வேர் அருகே அறுந்தோ, குழாய் வளைந்தோ, வேர்நுனி கறுத்தோ தெரிந்தால் நரம்பு நெருக்கம் என்று பொருள். அப்போது சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேன் கேட்பார்கள். நெருக்கம் மிக அதிகமானால் பல்லின் தலையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு வேரை உள்ளேயே விட்டுவிடும் முறையும் உண்டு. படத்தை உங்களுக்கும் காட்டி விளக்கச் சொல்லுங்கள். சாய்வு அதிகமான பல்லுக்கு வாய், தாடை, முக அறுவைச் சிகிச்சை நிபுணர் தேவைப்படலாம். சிறு நகரங்களில் இவர்கள் குறிப்பிட்ட கிழமைகளில் வந்து போகிற வழக்கம் இருப்பதால், அவசரம் இல்லாத நாளில் நேரம் வாங்கினால்தான் சரியான கை கிடைக்கும். தள்ளிப்போடாதே என்று சொல்வதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

அன்று என்ன நடக்கும்? மரத்துப்போகும் ஊசியில் எடுப்பதென்றால் வெறும் வயிற்றோடு போகக் கூடாது. ஆபரேஷன் என்ற சொல்லைக் கேட்டுவிட்டுக் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்து நாற்காலியில் மயங்கி விழுகிறவர்கள் உண்டு. முழு மயக்கம் கொடுப்பதாக இருந்தால்தான் பட்டினி. கீழ்த்தாடையின் பின்பக்கம் உள்ளே ஒரு ஊசி. அந்தக் குத்தல்தான் அன்றைய பெரிய வலி. மருந்தில் சிறிதளவு அட்ரினலின் கலந்திருப்பதால் ஓரிரு நிமிடம் நெஞ்சு படபடக்கலாம், பயந்துவிட வேண்டாம். சில நிமிடத்தில் உதடும் நாக்கின் பாதியும் தடித்த மாதிரி ஆகும். பிறகு ஈறைச் சின்னதாகக் கீறி விலக்கி, பல்லை மறைக்கும் எலும்பைக் கொஞ்சம் அறுத்து, பல்லை இரண்டு மூன்று துண்டாக்கி நெம்பி எடுப்பார்கள். முழுசாக இழுத்தால் பெரிய ஓட்டை வேண்டும். துண்டாக்கினால் சின்ன வழியே போதும். மிஷின் சத்தமும், எலும்பு அதிர்வதும், அழுத்துவதும் தெரியும். அவ்வப்போது மளுக்கென்று ஒரு சத்தம் தலைக்குள் கேட்கும். இதில் எதுவும் வலி இல்லை. கூர்மையாக வலித்தால் கையைத் தூக்கினால் போதும், இன்னும் மருந்து போடுவார்கள். குழியைச் சலைன் ஊற்றிக் கழுவி இரண்டு மூன்று தையல். நேராக நிற்கும் மேல் ஞானப்பல் சில நிமிடத்தில் வந்துவிடும். படுத்திருக்கும் கீழ்ப்பல்லுக்கு அரை மணியோ முக்கால் மணியோ ஆகலாம்.

அந்தச் சலைன் பாட்டிலை மட்டும் கவனியுங்கள். தமிழ்நாட்டில் பல் சிகிச்சையின் பெயரால் நடந்த ஒரு பெரிய சோகம் சலைன் பாட்டிலில்தான் தொடங்கியது. 2023இல் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கில் சிகிச்சை பெற்ற 10 பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் தொற்று வந்து 8 பேர் இறந்தார்கள். வேலூர் சி.எம்.சி., ஐ.சி.எம்.ஆர். விஞ்ஞானிகளும் மாநிலச் சுகாதாரத் துறையும் நடத்திய விசாரணை 2025இல் லான்செட் குழும இதழில் வெளிவந்தது. அறுவைக் கருவி ஒன்றால் மூடியைக் குத்தித் திறந்த சலைன் பாட்டிலைச் சரியாக மூடாமல் வைத்து அடுத்தடுத்த நோயாளிகளுக்கும் பயன்படுத்தியது கிருமி பரவ வழிவிட்டதாக அதில் தெரிந்தது. இதைப் படித்துவிட்டுப் பல் டாக்டரிடமே போகக் கூடாது என்று முடிவெடுப்பது தவறு. தினமும் மாநிலம் முழுக்க எத்தனையோ பல் எடுக்கப்படுகிறது. இப்படி நடப்பது அரிதிலும் அரிது. எடுக்க வேண்டிய முடிவு வேறு: கருவிகள் சீல் வைத்த பையிலிருந்து உங்கள் கண்முன் பிரிக்கப்படுகின்றனவா, சலைன் புதிதாகத் திறக்கப்படுகிறதா, சுவரில் பல் மருத்துவக் கவுன்சில் பதிவுச் சான்று மாட்டியிருக்கிறதா? கேட்டால் நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். கன்னம் வீங்கி வலியில் துடிக்கிறவர் இதையெல்லாம் கேட்கிற நிலையில் இருக்க மாட்டார் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

தையல் போட்டதும் வாயில் வைத்துக் கடிக்கச் சொல்லும் காஸ் துணி, ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டித் தறிகளில் நெய்ததாகக்கூட இருக்கலாம். பேண்டேஜ் துணிக்குப் பேர்போன ஊர் அது. அந்தத் துணியை முக்கால் மணி நேரம் அழுத்திக் கடித்திருப்பதுதான் நோயாளி செய்ய வேண்டிய முதல் வேலை. நின்றுவிட்டதா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தால் நிற்காது. எச்சிலை விழுங்குங்கள்; துப்பக் கூடாது, அன்று வாய் கொப்பளிக்கக் கூடாது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது. குழியில் உறையும் ரத்தக்கட்டிதான் எலும்புக்கு மூடி, உறிஞ்சினாலும் துப்பினாலும் அது பெயர்ந்துவிடும். இளநீரை டம்ளரில் ஊற்றிக் குடிக்கலாம். மரப்பு போக இரண்டு மூன்று மணி நேரமோ கூடுதலாகவோ ஆகும். அதற்குள் சூடான காபி வேண்டாம், உதட்டைக் கடித்துக்கொண்டாலும் தெரியாது. வலி மாத்திரையை மரப்பு விடும் முன்பே போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். முதல் நாள் கன்னத்தில் ஐஸ் ஒத்தடம், விட்டு விட்டு. மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். ஆறிய குழைசாதம், தயிர், மோர், கேப்பைக்கூழ், பாலில் ஊறிய இட்லி எல்லாம் சரி. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் கேட்காமல் விட மாட்டார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன்: பால்கோவா மெத்தென்றுதான் இருக்கிறது, ஆனால் ஒட்டிக்கொள்ளும் இனிப்பு தையலில் போய் உட்காரும். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளும்.

வீக்கம் முதல் நாளைவிட இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும். இது தெரியாததால்தான் "நேத்தவிட இன்னைக்கு அதிகமா இருக்கே" என்று வீட்டில் கலவரம் ஆகிறது. நாலாம் நாளிலிருந்து இறங்கும். வாய் இரண்டு விரல் அளவுதான் திறக்கும், கன்னத்தில் மஞ்சளோ நீலமோ படரலாம். இரண்டும் தானாகப் போகும். ஏழாம் நாள் தையல் பிரிப்பார்கள். கவனிக்க வேண்டியது வலி போகும் திசையை. நாளுக்கு நாள் குறைந்தால் நல்லது. மூன்றாம் நாளுக்கு மேல் திடீரெனக் கூடி, காதுக்கு இழுத்து, வாய் நாறினால் ரத்தக்கட்டி போய்விட்டது என்று அர்த்தம். பல் மருத்துவர்கள் டிரை சாக்கெட் என்பார்கள். சாதாரணப் பல் எடுக்கும்போது 100 பேரில் சிலருக்கு வருவது, சிக்கிய கீழ் ஞானப்பல்லில் கணிசமாகக் கூடும். புகைப்பவர்களுக்கு ஆபத்து ஏறக்குறைய 3 மடங்கு. கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும் கொஞ்சம் கூடுதல், இதை டாக்டரிடம் சொல்லத் தயங்கக் கூடாது. பீடி, சிகரெட், வாயில் ஒதுக்கும் புகையிலை மூன்றையும் ஒரு வாரமாவது நிறுத்த வேண்டும். டிரை சாக்கெட் உயிருக்கு ஆபத்தில்லை. குழியைக் கழுவி மருந்து வைத்தால் அன்றே வலி தணியும். அந்த மருந்தில் பல வேளை இருப்பது கிராம்பின் சாரம்தான். பாட்டி வைத்தியம் முழுக்கப் பொய்யில்லை. ஆனால் புதுத் தையலில் கிராம்பு எண்ணெயை நாமே ஊற்றினால் ஈறு வெந்துவிடும். உதடோ நாக்கோ மரத்தபடியே இருந்துவிடுமா என்ற பயத்துக்கும் பதில் உண்டு. சில வாரம், சில மாதம் மரத்திருப்பது சிலருக்கு நேரும். நிரந்தரமாக இருந்துவிடுவது பெரும்பாலான ஆய்வுகளில் 100இல் ஒருவருக்கும் குறைவு. அந்தக் கணக்கு யாருக்குக் கூடும் என்பதைப் படம் முன்பே காட்டிவிடுகிறது.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்ற பேச்சை ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டு ஊரிலும் இன்னும் கேட்கலாம். பல்லுக்கு உணர்ச்சி தருவது ஐந்தாவது மூளை நரம்பின் கிளைகள், பார்வை தருவது இரண்டாவது நரம்பு. பல்லை எடுப்பதால் பார்வை நரம்புக்கு ஒன்றும் ஆவதில்லை. இந்தப் பயத்தில் அஞ்ச வேண்டிய வேறொன்றை விட்டுவிடுகிறோம். கீழ் ஞானப்பல்லின் வேர்நுனி தாடையின் உட்பக்கத் தசைக்குக் கீழே இறங்கியிருப்பதால், அங்கே கட்டும் சீழ் வாய்க்குள் உடையாமல் கழுத்துப் பக்கம் இறங்க வழி இருக்கிறது. தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் கல்லாக இறுகி, நாக்கு மேலே தூக்கி, எச்சில் விழுங்க முடியாமல், மூச்சு திணறினால் அது லுட்விக் ஆஞ்சைனா. 1836இல் ஒரு ஜெர்மன் மருத்துவர் விவரித்த இந்த நோய் இன்றும் உயிரை எடுக்கக்கூடியது. அந்த நிலையில் மருந்துக்கடையும் வேண்டாம், கிளினிக்கும் வேண்டாம். நேராகப் பெரிய ஆஸ்பத்திரி, ராத்திரியானாலும்.

மாத்திரையைப் பற்றியும் பேசியாக வேண்டும். வீக்க மாத்திரை என்று நம்மூர்ச் சீட்டுகளில் எழுதும் செரேஷியோபெப்டிடேஸ் மருந்தை, அது பலன் தருவதை நிரூபிக்க முடியாததால் ஜப்பானில் அதை விற்ற டகேடா கம்பெனியே 2011இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. இங்கே இன்னும் போகிறது. வலிக்கு இபுப்ரோஃபென், பாராசிட்டமால் இரண்டும் சேர்ந்து நன்றாக வேலை செய்கின்றன. சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், ஆஸ்துமா உள்ளவர்கள் மட்டும் முதலாவதை டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. ஆன்டிபயாடிக் எல்லோருக்கும் தேவையா என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. காக்ரேன் தொகுப்பாய்வின் கணக்குப்படி ஆரோக்கியமான 19 பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்குத் தொற்று தடுக்கப்படுகிறது. ஒருவருக்காக 18 பேர் தேவையில்லாமல் விழுங்குவது சரியா என்று கேட்டால், அறுவைச் சிகிச்சையின்போது டாக்டர் பார்த்து முடிவெடுப்பதில் நியாயம் இருக்கிறது. பல்லை எடுக்காமலேயே வருஷத்துக்கு நாலு தடவை கடையில் வாங்கி விழுங்குவதில் எந்த நியாயமும் இல்லை. சர்க்கரை உள்ளவர்கள் முன்னதாகவே அளவைப் பார்த்துக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். இதயத்துக்காக ஆஸ்பிரினோ குளோபிடோகிரெலோ சாப்பிடுகிறவர்கள் தாமாக நிறுத்தினால், பல்லில் வரும் ரத்தத்தைவிடப் பெரிய ஆபத்தை அழைக்கிறார்கள்.

மிச்சம் இருப்பது நடைமுறைத் தடைகள். லீவு கிடைக்காது, சம்பளம் போகும் என்பது மில் தொழிலாளிக்கு நியாயமான கவலை. மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கி இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் பல் சிகிச்சை அதில் சேரும். டாக்டர் சான்றோடு ஓய்வெடுத்தால், தேவையான நாள்களுக்குச் சந்தா கட்டியிருக்கும்பட்சத்தில், முதல் 2 நாள் நீங்கலாகச் சம்பளத்தின் 70 சதவீதம் கிடைக்கும். இப்படியொரு உரிமை இருப்பதே தெரியாமல் வீங்கிய கன்னத்தோடு நைட் ஷிப்ட் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். தனியார் கிளினிக்கில் பல்லின் சாய்வைப் பொறுத்துக் கட்டணம் ஏறும் என்பதால் படத்தைப் பார்த்தபின் மொத்தத் தொகையைக் கேட்டுவிடுங்கள். பணம் முடியாதவர்களுக்கு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது. பஸ்ஸில் போய் வருவது பாடுதான், ஆனால் வீக்கம் இல்லாத நாளில் போனால் அந்தப் பாட்டில் பாதி குறையும். "ஆடிப்பூரத் தேர் முடியட்டும், கல்யாணம் முடியட்டும்" என்பவர்களிடம் சண்டை போட வேண்டியதில்லை. ஒரு வாரம் விசேஷம் இல்லாத நாளைப் பார்த்துக் குறியுங்கள். ஆனால் இன்றைக்கே குறித்து, இன்றைக்கே நேரம் வாங்கிவிடுங்கள். இந்த வருஷத்தில் ஒரே பக்கம் இரண்டு தடவை வீங்கியிருந்தால், அடுத்த மாத்திரைக்கான காசை ஓ.பி.ஜி. எடுக்கச் செலவிடுங்கள்.